பெல் ஹவுசிங் அடியில் சிவப்புச் சொட்டு: கியர்பாக்ஸை இறக்கியே ஆகணுமா?

கேள்வி, மார்ச் 2

பழைய பிக்கப். 4 கியர் ஆட்டோமேட்டிக், பின்சக்கரம்தான் இழுக்கும். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் உள்ள கூடு, அதாவது பெல் ஹவுசிங், அதற்கு நேர் கீழே தரையில் சிவப்பு எண்ணெய். பார்த்தவர்கள் எல்லோரும் "முன் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்கிறார்கள். கியர்பாக்ஸின் முன்பக்கம் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையத்தைச் சொல்கிறார்கள். இறக்காமல் உறுதி செய்ய வழி உண்டா? எனக்கும் அவர்கள் சொல்வது சரி என்றுதான் படுகிறது.

மார்ச் 2, இரவு

இறக்காதீர்கள். இந்த வாரம் நிச்சயம் வேண்டாம்.

என்னிடம் இருப்பதும் இதே ரக வண்டிதான். கம்பெனி பெயரைச் சொல்ல மாட்டேன், சொன்னால் பேச்சு எந்தக் கம்பெனி உசத்தி என்று திரும்பிவிடும். என்னுடையதும் சில மாதமாகச் சொட்டுகிறது, கிட்டத்தட்ட அதே இடத்தில். நானும் இதுவரை ஒழுங்காகக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே இருவரும் சேர்ந்தே தேடலாம்.

சொட்டு விழும் இடம் வேறு, கசியும் இடம் வேறு. எண்ணெய் உலோகத்தின் மேலேயே வழிந்து, எங்கே தாழ்வான முனை இருக்கிறதோ அங்கே வந்துதான் கீழே விழும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்பக்கமாக இழுத்துப் பூசிவிடும். அதனால் ஈரத்தில் எது மிக உயரத்தில், மிக முன்னால் இருக்கிறதோ அதைத் தேடுங்கள். தரையைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இந்த மாதிரிப் பெட்டியில் முன் சீலைத் தவிர எண்ணெய் வெளியேற வேறு வழிகள் நிறைய: பேன் (எண்ணெய் தங்கும் அடித்தட்டு) பேக்கிங், டிப்ஸ்டிக் குழாய் நுழையும் இடத்து ரப்பர், ரேடியேட்டருக்குப் போகும் இரண்டு கூலர் பைப்புகளின் முனை, திராட்டில் கேபிள் நுழையும் துளை, ஸ்பீடாமீட்டர் கேபிளின் ஓ-ரிங், கியர் லீவர் தண்டின் சீல், பின்முனையில் இருக்கும் வால் சீல், மேலே மூச்சு விடும் குழாய். இவற்றில் வால் சீலுக்கு புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். அப்போதும் பெட்டியை இறக்க வேண்டியதில்லை. மற்றவற்றுக்கு அதுவும் வேண்டாம்.

மார்ச் 3

நேற்று "சிவப்பு" என்றதை அப்படியே எடுத்துக்கொண்டேன், தப்பு. முதலில் அது ஏடிஎஃப்தானா, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய்தானா என்று பாருங்கள். பல பழைய வண்டிகளில் பவர் ஸ்டீயரிங்கிலும் அதே சிவப்பு எண்ணெய்தான் இருக்கும். சில கூலன்ட்டும் சிவப்பு. இன்னொரு பக்கம், வயதான ஏடிஎஃப் பழுப்பாகிவிடும், எஞ்சின் ஆயில் என்று ஏமாந்துபோவீர்கள்.

வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். ஏடிஎஃப் அகலமாகப் பரவி, ஓரத்தில் இளஞ்சிவப்பு வளையம் விடும். எஞ்சின் ஆயில் நடுவில் கருப்பாகத் தங்கும். கூலன்ட் என்றால் தாளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்காது. கந்தக வாடை அடித்தால் அது பின் அச்சின் ஆயில், கியர்பாக்ஸுக்குச் சம்பந்தமே இல்லை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு: டிரான்ஸ்ஃபர் கேஸிலும் பல மாடல்களில் ஏடிஎஃப்தான். அது கசிந்தாலும் பழி கியர்பாக்ஸ் மேல்தான் விழும்.

மார்ச் 5

கழுவினேன். முதல் வேலையாகச் செய்திருக்க வேண்டியது.

பல வருடச் சேறும் எண்ணெயும் சேர்ந்து கால் அங்குலத்துக்குத் தார் மாதிரி ஒட்டியிருந்தது. இந்தக் கோலத்தில் டார்ச் அடித்து "இங்கேதான் லீக்" என்று சொல்வது குறி சொல்வதற்குச் சமம். டீகிரீசர், பிரஷ், தண்ணீர், மறுபடி டீகிரீசர். பழைய வண்டி என்றால் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம். மூச்சுக் குழாய் வழியாகவும் மின் இணைப்புகளுக்குள்ளும் போய்விடும்.

வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இரண்டு ஸ்டாண்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. இதில் எனக்கு நகைச்சுவை வராது.

கழுவி முடித்ததும் பெட்டியின் இடது பக்கத்தில் ஒரு வார்ப்பு எண் தெரிந்தது. இத்தனை வருடத்தில் முதல் தரிசனம்.

மார்ச் 6

அட்டை விரித்தேன். முன் சக்கரங்களின் இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்தேன், தினமும் அதே இடத்தில் நிறுத்த. இன்று 11 சொட்டு.

மார்ச் 7

இன்று 2. நாள் முழுக்க ஓட்டியும் 2 தான். புரியவில்லை.

மார்ச் 9

பேன் பேக்கிங்கைப் பற்றி ஒரு வாக்குமூலம்.

போன வருடம் இதே கசிவுக்கு நான் பேக்கிங்கை மாற்றினேன். பேனின் இடது விளிம்பு நனைந்திருந்தது, வேறென்ன யோசிப்பது என்று கழற்றிவிட்டேன். புதிய கார்க் பேக்கிங் வைத்து, இனி ஒரு சொட்டும் வரக்கூடாது என்று போல்ட்டுகளை உயிரைக் கொடுத்து முறுக்கினேன். அதற்குப் பிறகு கசிவு கூடியது.

காரணம் எளிது. பேன் மெல்லிய தகடு. அளவுக்கு மீறி முறுக்கினால் ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் தகடு குழிந்து, இரண்டு துளைகளுக்கு நடுவே மேடாகிவிடும். கார்க் பிதுங்கி வெடிக்கும். என் பெட்டிக்குச் சொல்லியிருக்கும் முறுக்கு 11 நியூட்டன் மீட்டர்தான். கைப்பிடி குட்டையான ஸ்பேனரில் மணிக்கட்டால் இழுத்தாலே வந்துவிடும் அளவு. நான் எத்தனை போட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திருத்திய விதம்: விளிம்பைச் சமமான இரும்புக் கட்டையின் மேல் கவிழ்த்து வைத்து, சின்னச் சுத்தியலால் ஒவ்வொரு துளையையும் தட்டி நேராக்கினேன். நேர் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நடுவில் இரும்புத் தகடு உள்ள ரப்பர் பேக்கிங் வாங்கினேன். அதற்குப் பசை வேண்டாம். சிலிகான் பூசும் பழக்கம் உள்ளவர்களே, உள்ளே பிதுங்கும் அந்தப் புழு அறுந்து ஃபில்டருக்குத்தான் போகும்.

இவ்வளவும் செய்து கசிவு பழைய அளவுக்குத் திரும்பியது. பழைய அளவுக்கு, கவனியுங்கள். நிற்கவில்லை. பேக்கிங் ஆரம்பத்திலிருந்தே குற்றவாளி இல்லை என்று அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 10

கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார்: எஞ்சினை நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக் பார்த்தாராம், அளவு மேலே இருந்ததாம், அதனால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டாராம்.

ஐயோ. உடனே திரும்ப ஊற்றுங்கள். எஞ்சின் ஆயில் பார்க்கிற முறை இதற்குச் செல்லாது. பெரும்பாலான ஆட்டோமேட்டிக்கில் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில் நிறுத்தி, எல்லாக் கியரிலும் லீவரை ஒருமுறை மெதுவாக நகர்த்தி, பார்க்கில் வைத்து, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். விதிவிலக்கு உண்டு. கிரைஸ்லரின் பழைய டார்க்ஃபிளைட் பெட்டிகளில் நியூட்ரலில் பார்க்க வேண்டும், பார்க்கில் அவற்றின் பம்ப் டார்க் கன்வர்ட்டருக்கு (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) எண்ணெய் அனுப்பாது. ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினை நிறுத்திய பிறகுதான். உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள்.

அளவு கூடினாலும் தொல்லைதான். சுழலும் பாகங்கள் எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும், நுரை மூச்சுக் குழாய் வழியாகப் பொங்கி வெளியே வழியும். அதையும் லீக் என்று நினைத்து இன்னும் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 14

புற ஊதாச் சாயம் வாங்கிவிட்டேன். குழாய் வழியாகக் கொஞ்சம் ஊற்றி, அரை மணி நேரம் ஓட்டி, இருட்டியதும் ஊதா டார்ச்சும் மஞ்சள் கண்ணாடியுமாக அடியில் படுத்தேன்.

எல்லாமே ஒளிர்ந்தது. பேன், ஷாஃப்ட், சைலன்சர் தாங்கி, என் சட்டை. வெளியே வந்து பார்த்தால் கதவுக் கைப்பிடி, ஸ்டீயரிங், ஹாரன், எங்கே பார்த்தாலும் பச்சை மஞ்சளாக என் ஐந்து விரல். சாயம் ஊற்றிய கையைத் துடைக்காமல் வண்டி ஓட்டிய புத்திசாலி நான். கொலை நடந்த இடத்தில் போலீஸ் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

மறுபடி கழுவினேன்.

மார்ச் 15

ஆனால் அந்தக் கூத்திலும் ஒன்று கிடைத்தது. கழுவிய பிறகு 40 நிமிடம் ஓட்டிவிட்டு உடனே டார்ச் அடித்தேன். ஒன்றுமே இல்லை. காய்ந்து கிடக்கிறது. எஞ்சின் ஓடும்போது, அழுத்தம் முழுதாக இருக்கும்போது கசியவில்லை!

இப்போதுதான் மார்ச் 6க்கும் 7க்கும் உள்ள வித்தியாசம் உறைத்தது. 6ஆம் தேதி எண்ணியது இரண்டு நாள் நிறுத்தி வைத்திருந்த பிறகு. 7ஆம் தேதி வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை நாளும் எங்கே, எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். எப்போது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நாளையிலிருந்து மூன்று நாள் வண்டியைத் தொடப்போவதில்லை.

மார்ச் 18

மூன்று நாள் முடிந்தது. முதலில் எஞ்சினைத் தொடாமல் டிப்ஸ்டிக்கை இழுத்தேன். ஃபுல் கோட்டுக்கு மேலே விரல் நீளத்துக்கு எண்ணெய். ஸ்டார்ட் செய்து சூடாக்கிப் பார்த்தால் சரியான அளவு. அப்படியானால் நிற்கும்போது எங்கிருந்தோ எண்ணெய் பேனுக்குள் இறங்குகிறது.

எங்கிருந்து? டார்க் கன்வர்ட்டரிலிருந்து. என் ரகப் பெட்டியில் மொத்தம் 10, 11 லிட்டர் பிடிக்கும். பேனைக் கழற்றினால் 4, 5 லிட்டர்தான் வரும். மீதியில் பெரும் பங்கு கன்வர்ட்டருக்குள் இருக்கிறது. புதிய பெட்டியில் அது அங்கேயே தங்கும். தேய்ந்த பெட்டியில் புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் வளையம்) இடுக்கு வழியாகவும் வால்வு இடுக்கு வழியாகவும் ஓரிரு நாளில் மெல்ல மெல்லப் பேனுக்குத் திரும்பிவிடும். ஓடும்போது பேன் விளிம்பை ஒட்டி இருக்கும் எண்ணெய் மட்டம் இப்போது விளிம்பைத் தாண்டிப் பெட்டியின் உடம்புக்குள் ஏறி நிற்கும். அங்கே, விளிம்புக்குக் கொஞ்சம் மேலே, என்னென்ன துளைகள் இருக்கின்றன? இடது பக்கத்தில் கியர் லீவர் தண்டு.

டார்ச் அடித்தேன். தண்டைச் சுற்றி ஒளிவட்டம். அதிலிருந்து ஒரு கோடு கீழே இறங்கிப் பேன் விளிம்பைத் தொடுகிறது. விளிம்பையொட்டியே முன்னால் ஓடுகிறது, ஏனென்றால் நான் வண்டி நிறுத்தும் இடம் மூக்குப் பக்கம் சரிவு. முன் மூலை போல்ட்டின் தலையில் சேர்ந்து, பெல் ஹவுசிங் பக்கம் சொட்டுகிறது. போன வருடம் பேக்கிங் நனைந்திருந்ததும் இதனால்தான். முன் சீல் போலத் தெரிந்ததும் இதனால்தான்.

இன்னொன்றும் பொருந்திவிட்டது. இரண்டு நாள் நின்ற வண்டியைக் காலையில் எடுத்து டி-யில் போட்டால், இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுத்தான் நகரும். வயதாகிவிட்டது, குளிர் என்று விட்டிருந்தேன். காலியான கன்வர்ட்டர் நிரம்ப எடுக்கும் நேரம் அது.

மார்ச் 19

ஒரு வாசகர் கேட்டார், 11 சொட்டு என்றால் எத்தனை மில்லி என்று. 20 சொட்டு ஒரு மில்லி, ஆக அரை மில்லிக்குச் சற்று மேல் என்று பதில் போட்டேன்.

தவறு. 20 என்பது தண்ணீருக்குச் சொல்லும் கணக்கு. எண்ணெயின் பரப்பு இழுவிசை தண்ணீரில் பாதிகூட இல்லை, அதனால் சொட்டு சின்னதாகவே பிரிந்து விழும். ஆக என் 11 சொட்டு அரை மில்லியைவிடக் குறைவு. தரையில் அது சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குப் பரவிக் கிடக்கும், கால் லிட்டர் போய்விட்டதோ என்று பதறுவோம். அட்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பயப்படுங்கள்.

மார்ச் 22

சீலை மாற்றிவிட்டேன். கையளவுகூட இல்லாத ரப்பர் வளையம்.

வேலை ஒரு மணி நேரம், தயக்கம் இரண்டு மணி நேரம். செய்யப் போகிறவர்களுக்கு நான் பட்ட விஷயங்கள் மட்டும்.

எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டிவிட்டு உடனே தொடங்கினேன். அப்போது கன்வர்ட்டர் நிரம்பியிருக்கும், பேன் மட்டம் தாழ்ந்திருக்கும், சீலைப் பிடுங்கினாலும் முகத்தில் கொட்டாது. அறிவாளித்தனம்தான். ஆனால் சைலன்சர் குழாய் சூடாக இருக்கும் என்பதை முழங்கை ஞாபகப்படுத்தியது. அந்தப் பக்கம் ஈரத்துணி போர்த்தியிருக்கலாம்.

லீவர் நட்டைத் தளர்த்தும்போது லீவரை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். நட்டை மட்டும் திருகினால் அந்த விசை முழுதும் உள்ளே கியர் இடத்தைப் பிடித்து வைக்கும் தகட்டுக்குப் போகும். இணைப்பைக் கழற்றிய பிறகு லீவர் பார்க்கில் இருக்கிறது என்று நம்பக்கூடாது, தண்டு எந்த நிலையிலும் இருக்கலாம். சக்கரக் கட்டை இதற்காகத்தான்.

புதிய சீலை நுழைக்கும் முன் தண்டின் மரையில் இரண்டு சுற்று டேப் சுற்றினேன். இல்லாவிட்டால் மரையின் கூர் ரப்பர் உதட்டைக் கிழித்துவிடும், அடுத்த வாரம் இங்கேயே வந்து அழ வேண்டியிருக்கும். உதட்டில் ஏடிஎஃப் தடவி, சரியான அளவுக் குழாய்த் துண்டை வைத்துச் சுற்றிலும் தட்டி இறக்கினேன்.

கன்வர்ட்டர் வடிவது நிற்கவில்லை. நிற்கவும் நிற்காது, அதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். வடியட்டும். ஓட்டை அடைபட்டால் போதும்.

மார்ச் 23

சீலை ஊத வைக்கும் மருந்து ஊற்றலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் உப்ப வைக்கும், கொஞ்ச நாள் ஓடும். கிழிந்ததை ஒட்டாது. விற்கப்போகிற வண்டிக்கு ஊற்றுவதை எனக்குச் சொல்லாதீர்கள்.

எண்ணெயில் என்னென்ன கலந்தார்கள் என்று பேச்சு வந்ததால்: 1960களின் ஏடிஎஃப்பில் உராய்வைச் சீராக்க ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்கா திமிங்கிலப் பொருள்களைத் தடை செய்ததும் மாற்று தேட வேண்டியதாயிற்று. ஜெனரல் மோட்டார்ஸின் ஏடிஎஃப் ரகமான டெக்ஸ்ரான் 2 வந்தது அதை ஒட்டித்தான். அதன் ஆரம்பக் கலவை கூலரின் ஈயப் பற்றை அரித்து வேறு தொல்லை கொடுத்தது. நாம் ஒரு சொட்டுக்கு இவ்வளவு புலம்புகிறோம், அந்த எண்ணெய்க்காகத் திமிங்கிலம் என்ன பாடுபட்டதோ.

மார்ச் 29

ஒரு வாரம். நடுவில் நான்கு நாள் வண்டி நின்றது. அட்டை சுத்தம்.

கேள்வி கேட்டவரிடமும் அதே சோதனையைச் செய்யச் சொன்னேன். அவர் பதில் என் உற்சாகத்தைக் குறைத்துவிட்டது. நின்றால் கசியவில்லை. ஓட்டினால், அதுவும் நெடுந்தூரம் சூடாக ஓடினால், நிறையக் கசிகிறது. பேனைச் சுற்றி எல்லாம் உலர்ந்திருக்கிறது.

பெல் ஹவுசிங்கின் அடி மூடியைக் கழற்றி உள்ளே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உள்சுவரைச் சுற்றி வளையமாகத் தெறித்திருந்தால் சுழலும் கன்வர்ட்டரே கசிகிறது. பின்சுவரில் மேலிருந்து வழிந்து வந்திருந்தால் பம்ப் சீல், அதாவது எல்லோரும் சொன்ன முன் சீல், அல்லது பம்பைச் சுற்றிய பெரிய ஓ-ரிங். ஃபிளைவீலின் எஞ்சின் பக்கம் கருப்பாக இருந்தால் அது எஞ்சினின் பின் சீல், கியர்பாக்ஸ் நிரபராதி.

மார்ச் 30

பின்சுவர். வழிந்திருக்கிறது. சிவப்பு.

அவர் 2ஆம் தேதி சொன்னதுதான் சரி. நான் நான்கு வாரமாக அவரை இழுத்தடித்திருக்கிறேன். "எனக்கும் சரி என்றுதான் படுகிறது" என்று அவர் எழுதிய வரியை இப்போது படித்தால் உறுத்துகிறது. என் வண்டிக்குக் கிடைத்த விடையை அவர் வண்டிக்கும் ஒட்டப் பார்த்தேன். மன்னிப்பு கேட்டாயிற்று. "அந்த நான்கு வாரத்தில்தான் பணம் சேர்த்தேன்" என்கிறார். பெருந்தன்மை.

இறக்கும்போது சீலை மட்டும் மாற்றிவிட்டு ஏற்றாதீர்கள் என்று அவரிடம் கெஞ்சியிருக்கிறேன். பம்பின் புஷ் தேய்ந்திருந்தால் கன்வர்ட்டரின் கழுத்து ஆடும், புதிய சீலும் சில மாதத்தில் போகும். கழுத்தில் பழைய சீல் உதடு பள்ளம் போட்டிருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். சீலுக்குப் பின்னால் எண்ணெய் திரும்பிப் போகும் சின்னத் துளை அடைபட்டிருந்தால் அழுத்தம் ஏறிச் சீலையே வெளியே தள்ளிவிடும்.

ஏப்ரல் 13

இறக்கிவிட்டார்கள். புஷ் தேய்ந்திருந்தது, கழுத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம். கன்வர்ட்டரையும் மாற்ற வேண்டியதாயிற்று. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான், ஆனால் பூதம் உள்ளேயேதான் இருந்தது. ஏற்றி ஐந்து நாள் ஆகிறது, உலர்ந்திருக்கிறதாம். டிப்ஸ்டிக்கை இம்முறை எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தாராம், குறிப்பாகச் சொல்லச் சொன்னார்.

ஏப்ரல் 16

என் அட்டையில் இன்று ஒரு சொட்டு. தாளில் விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். நடுவில் கருப்பு, பரவவே இல்லை.

எஞ்சின் ஆயில். இவ்வளவு நாள் சிவப்புக்குள் ஒளிந்திருந்திருக்கிறது. ஓடும்போதா, நிற்கும்போதா என்று நாளை பார்க்கிறேன்.